தறிக்குக் கேட்காமல் ஒரு பாடம்

ஆரணியில் அழுவதற்கு இடம் கிடைக்காது. சிரிக்கலாம், சண்டை போடலாம், நடுத்தெருவில் நின்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி தும்மலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அழுதால் மட்டும் நாலு வீட்டுக் கதவு திறந்துவிடும்.

"யாரது அழுவுறது? தறியில முகூர்த்தப் புடவை இருக்குதில்ல?" என்று ஒரு குரல் வரும்.

பரிமளாவின் தெரு அப்படிப்பட்ட தெரு. வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. தறிக்குத் தறி யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை. அந்தப் பெண் சேலத்தில் இருப்பாள், திருச்சியில் இருப்பாள், நெய்கிறவருக்கு அவள் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் அவள் புடவை தறியில் இருக்கிறவரை அந்த வீட்டில் அழக் கூடாது. சோகப் பாட்டுப் பாடக் கூடாது. செத்தவர்கள் கதையைப் பேசக் கூடாது. பட்டு எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்ளுமாம். வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் கொட்டிவிடுமாம்.

அந்தத் தெருவில் எல்லோரும் இதை நம்பினார்கள். பரிமளாவின் அப்பா அருணகிரி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

பரிமளாவுக்குப் பதினொரு வயது. தம்பி ஜெயவேலுக்கு எட்டு. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. உடனே பொறாமைப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுவும் மழை பெய்தால்கூட லீவு விடாத பள்ளிக்கூடம். அம்மா திலகவதிதான் டீச்சர்.

அம்மா முன்பு ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அங்கே தமிழ் வகுப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில், பாட்டெல்லாம் நடத்த வேண்டாம், பரீட்சைக்கு வரும் கேள்விகளை மட்டும் எழுதிப் போட்டால் போதும் என்றார்கள். அம்மாவுக்கு வந்ததே ஒரு கோபம். வேலையையும் விட்டார், அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானே சொல்லித் தருகிறேன், பெரிய பரீட்சை வரும்போது போய் எழுதிக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார். அம்மா அந்தக் குரலில் பேசினால் அப்பா எதற்கும் சரி என்பார்.

வகுப்பறை எது என்று கேட்கிறீர்களா? தறி இருந்த அதே கூடம்தான். ஒரு பக்கம் அப்பா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருப்பார். மறுபக்கம் ஒரு பாய். கணக்கு உண்டு, அறிவியல் உண்டு, இங்கிலீஷ் உண்டு. ஆனால் காலையில் முதல் பாடம் பழைய இலக்கியம். அதில் அம்மா துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க எழுதினதை நான் ஏன் படிக்கணும்? அவங்க நான் எழுதினதை எதுனா படிச்சாங்களா?" என்று ஜெயவேல் கேட்டான்.

"நீ முதல்ல ஒழுங்கா எழுது. அப்புறம் அவங்களைக் கேட்கலாம்" என்றார் அம்மா.

அந்த வருஷம் அவர்கள் படித்தது ஒரு பழைய காவியம். பெயரை விடுங்கள், கதையைக் கேளுங்கள். ஒரு பெரிய ஏரி. அதன் கரையைக் காவல் காக்கிற ஒரு பெண். அவளுக்கு ஒரே மகள். ஒரு பெருமழையில் கரை உடைகிறது. அந்தப் பெண் ஊரையெல்லாம் எழுப்பி மேட்டுக்கு ஓட்டிவிடுகிறாள். அவள் மட்டும் வெள்ளத்தோடு போய்விடுகிறாள். அதற்கு அடுத்தது மகளின் புலம்பல். அதற்கும் அடுத்தது, ஊரார் கூடிப் புதுக் கரை கட்டுகிற பகுதி.

அம்மா வெள்ளம் வரைக்கும் அருமையாக நடத்தினார். ஜெயவேல்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அதன் பிறகு அம்மா சில பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினார். நேராகப் புதுக் கரைக்குப் போய்விட்டார்.

நடுவில் என்ன ஆயிற்று என்று பரிமளா கேட்டாள். அம்மா தறிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது புலம்பல். ஆடி மாசத்துல படிச்சுக்கலாம். ஆடியில கல்யாணம் கிடையாது" என்றார்.

ஆடியில் கல்யாணம் கிடையாதுதான். ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவை ஆடியில்தானே தறியில் ஏறும்? மார்கழியும் அப்படித்தான், அது தை மாதக் கல்யாணங்களுக்கு. பஞ்சாங்கத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்தப் புலம்பலுக்கு ஒரு நாள் கிடையாது. இது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் ஆடி என்று சொல்லிவைத்தார்.

பரிமளாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பூங்காவனம் அத்தை இறந்துபோகிறவரை.

பூங்காவனம் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பக்கத்தில் களம்பூரில் இருந்தார். அவர் கணவர் ராஜ்குமார் மாமாவுக்கு அங்கே ரைஸ் மில்லில் வேலை. மகள் தெய்வநாயகிக்குப் பத்து வயது. ஆடி மாத நடுவில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. இதை எப்படி நீட்டி முழக்கிச் சொல்வது? நல்ல மனுஷி. எவ்வளவு சிக்கு விழுந்த தலையாக இருந்தாலும் அவர் வாரிவிட்டால் வலிக்காது.

காரியங்கள் முடிந்தன. மாமாவுக்கு மில்லில் இரவு வேலையும் உண்டு. பெண்ணை யார் பார்த்துக்கொள்வது? அதனால் தெய்வநாயகியைத் தாய்மாமன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பாயில் மூன்றாவதாக ஒரு இடம் போட்டார்கள். தறியில் ஆவணி முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் தெய்வநாயகி அழ ஆரம்பித்தாள். சத்தமாகக்கூட இல்லை, சின்னதாகத்தான். தறி நின்றது. அப்பா குழியிலிருந்து ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தாலாவது தேவலை. அவள் தலையைத் தடவிக்கொடுத்து மெதுவாகச் சொன்னார்.

"அழுவாத கண்ணு. தறியில கல்யாணப் புடவை இருக்குது. எவளோ ஒரு பொண்ணு, பாவம், அவளாவது நல்லா இருக்கட்டும்."

தெய்வநாயகி சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். அழுகையை நிறுத்தினாள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து எது கேட்டாலும் தலையாட்டல்தான். சோறு போட்டால் இரண்டு வாய் சாப்பிடுவாள், பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புத்தகத்தைக் கொடுத்தால் திறந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெயவேல் அவளைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்தான். ஆடு மாதிரி கத்தினான், பரிமளாவின் பாட்டியாலா பேண்ட்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினான். அவள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜெயவேலுக்கே அழுகை வந்துவிட்டது. வந்து என்ன பிரயோஜனம், அவனும் அழக் கூடாதே. கொல்லைக்கு ஓடிப்போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

பரிமளாவுக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போது அவள் மூச்சு விடுகிறாளா என்று தொட்டுப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜ்குமார் மாமா பக்கோடா பொட்டலத்தோடு வந்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார். சாப்பிட்டியா? தலையாட்டல். படிக்கிறியா? தலையாட்டல். மாமா பக்கோடாவைப் பிரித்து அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். மாமா எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவிடம் பேசினார்.

"என்னால பார்க்க முடியலக்கா. இங்க இருந்தா அவ அம்மா ஞாபகமாவே இருக்குது போல. வேலூர்ல ஒரு ஆஸ்டல் ஸ்கூல் விசாரிச்சிகினு வந்திருக்கேன். நாலு பசங்களோட இருந்தா மாறிடுவா."

அம்மா கூடாது என்றார். தெரியாத இடத்தில் போய் இன்னும் ஒடுங்கிப்போவாள் என்றார். மாமா கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்பா தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். தெய்வநாயகியிடம் சொன்னபோது அவள் அதற்கும் தலையாட்டினாள்.

அதுதான் பரிமளாவுக்குத் தாங்கவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாவது வாயால் சொல்லியிருக்கலாம். இவளை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் இப்படித் தலையாட்டிக்கொண்டே இருப்பாள், ஒரு நாள் அதுவும் நின்றுவிடும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பரிமளா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் புலம்பலைத் தெய்வாவுக்கு நடத்துங்கள் என்று கேட்டாள்.

"இந்த வீட்லயா?" என்றார் அம்மா.

"அப்பாகிட்ட நீங்க சொன்னா கேப்பாரும்மா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இதுல கேக்க மாட்டாரு. உங்க அப்பாவுக்கு வருத்தம் இல்லேன்னு நெனச்சியா? கூடப் பொறந்தவ போயிட்டா. இந்தத் தறியைப் புடிச்சிகினுதான் அந்த மனுஷன் நின்னுகினு இருக்காரு. அதையும் நான் எப்படிப் புடுங்குவேன்?"

பரிமளா எழுந்து போகவில்லை. அம்மா குனிந்து, அவள் காதோரம் குசுகுசுவென்று அந்தப் பாட்டுகளைச் சொல்ல ஆரம்பித்தார். இப்படி ஒரு இலக்கிய வகுப்பு எங்கேயும் நடந்திருக்காது. திருடர்கள்கூட அவ்வளவு மெதுவாகப் பேச மாட்டார்கள்.

அந்த மகள் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளாகக் கேட்டுக்கொண்டே போகிறாள்.

*விளக்கே, நீ அறிவாய்; வாயிலே, நீ அறிவாய்;*
*அழைக்கும் குரல் எங்கே? உரைமின் எனக்கே.*

"உரைமின் அப்படின்னா சொல்லுங்கன்னு அர்த்தம்" என்றார் அம்மா. "விளக்கைக் கேக்கறா, வாசலைக் கேக்கறா, அம்மியைக் கேக்கறா. எதுவும் பதில் சொல்லல. அப்பவும் கேட்டுகினே போறா."

சொல்லிவிட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். நறுக்கியது கத்தரிக்காய்.

பரிமளா புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். இனித் தேவை ஒரு இடம். தறிக்குக் கேட்காத ஒரு இடம், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஊரில் அது கிடைக்காதா என்று நினைத்தாள்.

மறுநாள் தெய்வநாயகியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். முதல் வரியைப் படித்து முடிக்கவில்லை, பக்கத்து மாடியிலிருந்து பார்த்திபன் பெரியப்பா எட்டிப் பார்த்தார். அவர் மாடி முழுக்கச் சாயம் போட்ட பட்டு நூல் காய்ந்துகொண்டிருந்தது, அத்தனையும் கூறைப்புடவைக்கான அரக்குச் சிவப்பு.

"இன்னா பாட்டு அது, இழவு வீடு மாதிரி? நூல் காயுது, தெரியல? ஜல்தி கீழ எறங்குங்க" என்றார்.

அதற்கடுத்து ஜெயவேலையும் சேர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அங்கே ஒரு கல்யாணம். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்து, பந்திக்கும் அனுப்பப் பார்த்தார். ஜெயவேல் மட்டும், நாளைக்கும் இந்தக் கோயிலிலேயே இடம் தேடலாம் என்றான்.

ஊருக்கு வெளியே குளத்துப் பக்கம் காலியாக இருக்கும் என்று ஒரு விடியற்காலை போனார்கள். காலியாகத்தான் இருந்தது, மரத்துக்கு மரம் நீட்டி இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலைத் தவிர; புடவையின் நீளத்துக்கு ஓடுகிற இழைகள் அவை. கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் பற்றவில்லை. வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கோலைக் கொஞ்சம் பிடிங்க என்றார்கள். வெயில் ஏறுகிறவரைக்கும் மூன்று பேரும் யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவைப் பாவு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும்போது தெய்வநாயகி நின்றாள்.

"விட்டுடு பரி" என்றாள். "பரவால்ல."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. பரிமளா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பத்து வயதுப் பெண்ணின் குரலா அது? எல்லாம் முடிந்துபோன யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பரிமளா இடம் தேடவில்லை. தேடி என்ன ஆகப்போகிறது? தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பாடம் நடத்தினார். பரிமளா காதில் எதுவும் விழவில்லை. அப்பாவின் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தை அவள் வெறுத்தாள்.

ஞாயிறு வந்துவிட்டது. அம்மா தெய்வநாயகியின் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்டலில் கொடுத்துவிட சோப்பு வாங்கி வரச் சொல்லிப் பரிமளாவைக் கடைக்கு அனுப்பினார். மத்தியானம் மாமா வந்துவிடுவார்.

தெருக்கோடியில் ஜெயக்குமார் அண்ணனின் பவர்லூம் கொட்டகை. சோப்போடு திரும்பி வந்த பரிமளாவைப் பார்த்து ஜெயக்குமார் வாசலிலிருந்து ஏதோ கேட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் என்னவென்று கேட்டாள். அது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு அடி தூரத்தில் நின்று மாறி மாறிக் கத்தினார்கள். உள்ளே தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் ஜெயக்குமார் சலித்துப்போய்க் கையை ஆட்டி, போ போ என்றார்.

பரிமளா போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாத் தறியிலும் கைலித் துணி. கட்டம் போட்ட பச்சைக் கைலி. கைலிக்கு யார் முகூர்த்தம் பார்க்கிறார்கள்?

அவள் வீட்டுக்கு ஓடினாள். சோப்பைத் தம்பி கையில் திணித்தாள், புத்தகத்தை எடுத்தாள், தெய்வநாயகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஜெயவேலும் சோப்போடு பின்னால் ஓடி வந்தான். ஜெயக்குமாரிடம் உள்ளே உட்காரலாமா என்று சைகையில் கேட்டாள். விளையாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் தலையாட்டிவிட்டார்.

கொட்டகைக்குள் காது அடைத்துப்போனது. தரையே அதிர்ந்தது. பரிமளா நூல் மூட்டைகளுக்கு நடுவே தெய்வநாயகியை உட்காரவைத்தாள். ஜெயவேல் வாசலில் காவல் நின்றான். யாருக்காகக் காவல் என்று அவனுக்கே தெரியாது.

பரிமளா புத்தகத்தைத் திறந்து கத்திப் படித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதனால் வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தாள். புரியாத சொல் வந்தால் தெய்வநாயகியின் காதில் வாயை வைத்து அர்த்தத்தைக் கத்தினாள். வெள்ளம் வடிந்துவிட்டது. மகள் வீட்டுக்கு வருகிறாள். விளக்கைக் கேட்கிறாள். வாசலைக் கேட்கிறாள்.

தெய்வநாயகி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மியைக் கேட்கிற பாட்டு வந்தபோது அவள் உதடு அசைந்தது.

"கத்து தெய்வா. இங்க யாருக்கும் கேக்காது" என்று பரிமளா அவள் காதில் கத்தினாள். "புடவைக்குக்கூட கேக்காது."

தெய்வநாயகி வாயைத் திறந்தாள். முதலில் புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தாள் போலிருக்கிறது. பிறகு அவள் கண் புத்தகத்தை விட்டு விலகிவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, முகமெல்லாம் சிவந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்ன சொல்கிறாள் என்று பரிமளாவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. தெய்வநாயகியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. வீடுகளில் விளக்கில்லை, மின்விசிறி இல்லை, கைத்தறிக்காரர்களும் கூடத்து இருட்டில் நெய்ய முடியாமல் கையை எடுத்துவிட்டார்கள். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது. அந்த அமைதியில் தெய்வநாயகியின் குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"சீப்பே, நீ சொல்லு. எங்க அம்மா எங்க? டிபன் டப்பாவே, நீ சொல்லு. தெய்வா, தெய்வான்னு கூப்புடுவாங்களே, அந்தக் குரல் எங்க போச்சி? மில்லு சங்கே, நீயாவது சொல்லு. எங்க அம்மா எப்ப வருவாங்க?"

புத்தகத்தில் இல்லாத பாட்டு. ஆனால் அதே பாட்டுதான்.

தெருவில் கதவுகள் திறந்தன. பார்த்திபன் பெரியப்பா திட்டுவதற்காகத்தான் வந்தார். கொட்டகை வாசல்வரை வந்தவர் திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு அப்பா ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. விரலில் பட்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெய்வா, வேணாம் கண்ணு, நிறுத்தும்மா. தெருவெல்லாம் முகூர்த்தப் புடவை" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

பரிமளா எழுந்து குறுக்கே நின்றாள். அப்பாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பா, கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போறப்ப அழும் இல்ல? அவங்க அம்மாவைக் கட்டிப் புடிச்சிகினு அழும் இல்ல? அப்ப எந்தப் புடவையைக் கட்டிகினு இருக்கும்?"

அப்பா விரலில் ஒட்டியிருந்த பட்டு இழையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாகப் புடவை நெய்கிறார்கள், இது யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா அப்படியே நூல் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"பூங்காவனம் கல்யாணத்துக்குப் புடவை நான்தான் நெய்தேன்" என்றார், யாரிடம் சொல்கிறார் என்றே தெரியவில்லை. "அதைக் கட்டிகினுதான் என் தோள் மேல விழுந்து அழுதா. 'அண்ணா, வாரத்துக்கு ஒரு வாட்டியாவது வந்து பாரு'ன்னு அழுதா. தோளெல்லாம் நனைஞ்சி போச்சி."

முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுவதைப் பரிமளா அன்றுதான் முதலில் பார்த்தாள். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதார். தெய்வநாயகி தன் அழுகையோடேயே எழுந்து போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அப்போது வாசலில் ராஜ்குமார் மாமா நின்றுகொண்டிருந்தார். களம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் தெரு முனையிலேயே மகளின் குரலைக் கேட்டிருக்கிறார். கையில் ஆஸ்டலுக்கென்று வாங்கிய புதுப் பெட்டி. தெய்வநாயகி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, நான் ஆஸ்டலுக்கு வரல" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் இங்கயே இருந்து அழுவுறேன்."

மாமா தலையாட்டினார். இந்தத் தடவை பேச்சு வராமல் தலையாட்டியது அவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து தெய்வநாயகியை மடியில் இழுத்துக்கொண்டார். பரிமளாவின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார்.

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"அம்மி வரைக்கும்" என்றாள் பரிமளா.

"இன்னும் பாட்டு இருக்கு" என்றார் அம்மா, டீச்சர் குரலில். அந்தக் குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. "எல்லாரும் கேளுங்க."

டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டி எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. பழக்கத்தில் ஜெயக்குமாரின் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு வந்து, ஜெயவேலைக் கொஞ்சம் நகரச் சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அடுத்த பாட்டைப் படிக்க ஆரம்பித்தார்.